உண்டது உடம்பில் ஒட்டாதது ஏன்?

நீலகிரி மலையில் உள்ள குன்னூரில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர் ஒரு வியப்பான ஆய்வை நடத்தினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் அன்றாடம் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டார். ஒரு கூட்டத்து எலிகளுக்குப் பஞ்சாபின் சீக்கியர் உணவு கிடைத்தது: முழுக்கோதுமை ரொட்டி, பால், தயிர், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி. மற்றொரு கூட்டத்திற்குச் சென்னை மாகாணத்து உணவு: நன்கு தீட்டிக் கழுவிய அரிசியின் சோறு, சிறிதளவு பருப்பும் காய்கறியும், கொஞ்சம் மோர், தேங்காய், காப்பி. நாள்கள் சென்றபின் எடை பார்த்தபோது, பஞ்சாப் உணவை உண்ட எலிகள் கட்டுடலுடன் எல்லாவற்றினும் மிகுந்த எடை கொண்டிருந்தன. சென்னை உணவை உண்டவையோ வரிசையின் கடைசியில் நின்றன.

தில்லியிலோ லூதியானாவிலோ படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இச்செய்தி சற்றே சுருக்கென்று தைக்கும். வகுப்பில் தோள் அகன்ற நண்பர்களுக்கு நடுவே ஒல்லியாக இருப்பவனை வடக்கே ‘ஹட்டி’ என்பர். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றால் ‘ஒல்லிக்குச்சி’ என்பர். அம்மாவோ, “எவ்வளவு போட்டாலும் இவன் உடம்பில் ஒட்டுவதே இல்லை” என்று விருந்தினரிடம் குறைபட்டுக்கொள்வார். ஆயினும் மெக்காரிசனின் ஆய்விலிருந்து, அரிசிச் சோற்றுக்கே வலிமையில்லை என்றோ தமிழர் உடல்வாகே அப்படித்தான் என்றோ முடிவுகட்டுவது பிழை. தோற்றது அரிசி அன்று. அரிசியைத் தவிர வேறெதுவும் போதிய அளவில் இல்லாத தட்டு. தீட்டும்போது தவிட்டோடு சத்தும் போயிற்று. பாலும் பருப்பும் பேருக்கு இருந்தன. அதே சோற்றின் பக்கத்தில் கெட்டியான பருப்பும் தயிரும் கீரையும் முட்டையும் இருந்தால் கதை வேறு. மெக்காரிசன் தொடங்கிய அந்த ஆய்வுக்கூடம் 1958ஆம் ஆண்டு ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரில் இந்தியர் எதை எவ்வளவு உண்ண வேண்டும் என்று வரையறுத்துக் கூறிவருகிறது.

ஒல்லியாக இருப்பதற்குப் பல காரணங்கள்

வளரிளம் பருவத்தில் உடல் முதலில் நீளும், பிறகுதான் அகலும். 13 வயதுக்கும் 16 வயதுக்கும் இடையில் ஒரு பையன் மளமளவென்று உயர்ந்துவிடுவான். எலும்பு நீண்ட வேகத்திற்குத் தசை ஈடுகொடுப்பதில்லை. தசை பெருகத் துணைசெய்யும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர் மெல்ல மெல்ல மிகுந்து, உயரம் கூடும் வேகம் தணிந்த பின்னரே தோளும் மார்பும் திரளத் தொடங்கும். இம்மாற்றம் சிலருக்கு 12 வயதிலும் சிலருக்கு 15 வயதிலும் தொடங்குகிறது. ஆகவே ஒன்பதாம் வகுப்பில் ஒரே இருக்கையில் அமரும் இருவரில் ஒருவன் இளைஞனைப் போலவும் மற்றவன் சிறுவனைப் போலவும் தோன்றுவது இயல்பே. பின்தங்கியவன் தோற்றவன் அல்லன். அவனுடைய முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

வளர்ந்த மனிதருள்ளும் சிலருக்கு எடை எளிதில் ஏறாது. ‘அவருக்கு வயிற்றில் நெருப்பு’ என்று பேச்சுவழக்கில் சொல்லிவிடுவர். உண்மையில் நிகழ்வது என்ன என்பதை 1999ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று தெளிவாகக் காட்டியது. ஜேம்ஸ் லெவின் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 16 தன்னார்வலர்களுக்கு, அவர்களுடைய தேவைக்கு மேல் நாள்தோறும் 1000 கிலோ கலோரி உணவை 8 வாரங்கள் அளித்தனர். எல்லாருக்கும் ஒரே அளவு மிகுதி. ஆனால் ஒருவருடைய உடலில் சேர்ந்த கொழுப்பு அரை கிலோவுக்கும் குறைவு. இன்னொருவருக்கோ 4 கிலோவுக்கும் மேல். எஞ்சிய ஆற்றல் எங்கே போயிற்று? எடை ஏறாதவர்கள் தம்மையறியாமலே மிகுதியாக அசைந்துகொண்டிருந்தனர். காலை ஆட்டுதல், அடிக்கடி எழுந்து நடத்தல், நிமிர்ந்து அமர்தல், பொருள்களை எடுத்து வைத்தல் போன்ற சிறுசிறு அசைவுகளாலேயே ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 700 கிலோ கலோரியைக் கூடுதலாகச் செலவழித்துவிட்டார்! உடற்பயிற்சி என்று பெயர் சொல்லி அவர் எதையும் செய்யவில்லை. உண்டது உடம்பில் ஒட்டாதவருள் இத்தகையவரும் உண்டு. உணவு கூடினால் அவருடைய உடல் அசைவையும் கூட்டிக்கொள்கிறது.

இன்னொரு காரணம் மிக எளியது; ஆனால் பலரும் ஒப்புக்கொள்ளாதது. “நான் நிறையத்தான் உண்கிறேன்” என்று கூறும் ஒல்லியான மாணவன், ஒரு வாரம் தான் உண்டதையெல்லாம் ஏட்டில் எழுதிப் பார்த்தால் உண்மை விளங்கும். ஞாயிறன்று அவன் வயிறு புடைக்க உண்டிருப்பான். செவ்வாயன்று பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவைத் தவிர்த்திருப்பான். மதிய உணவுப் பெட்டி பாதியோடு வீடு திரும்பியிருக்கும். மாலையில் தின்றது ஒரு சிறு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல். உடல் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் கணக்கில் கொள்வதில்லை.

நோயும் காரணமாகலாம். இருந்த எடையே குறைவது, ஓயாத களைப்பு, நெடுநாள் இருமல், மிகுந்த தாகம், அடிக்கடி வயிற்றுப்போக்கு ஆகியவை இருப்பின் பயிற்சியைப் பற்றி எண்ணுவதற்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். காசநோய், நீரிழிவு, தைராய்டுக் கோளாறு, குடற்புழு ஆகிய எதுவும் உடலைத் தேறவிடாது. தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் அல்பெண்டசோல் மாத்திரை வழங்குவது இதற்காகவே. சுவைத்துப் பார்த்துவிட்டுச் சன்னல் வழியே எறியப்படும் மாத்திரைகளும் உண்டு. எறிந்தவர் தம் வயிற்றுப் புழுவுக்கு நன்மை செய்கிறார். மாணவியர் குருதிச்சோகையையும் கருத வேண்டும். 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேரிடம் குருதிச்சோகை இருந்தது. இரும்புச்சத்துக் குறைந்த உடல், நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும்; அதனிடம் தசையைக் கேட்பது முறையன்று.

தசை எப்படித் திரள்கிறது?

தசை என்பது ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளின் கட்டு. தேங்காய் நாரை முறுக்கிக் கயிறாக்குவதைப் போன்ற அமைப்பு எனலாம். அதன் எடையில் நான்கில் மூன்று பங்கு நீர். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு புரதம். பழகாத சுமையைத் தசை இழுக்கும்போது அந்த இழைகள் மிகுந்த இறுக்கத்திற்கு உள்ளாகின்றன. ‘இந்த வேலைக்கு நான் போதாது’ என்னும் செய்தியை உடல் அதிலிருந்து பெறுகிறது. அடுத்த ஒன்றிரண்டு நாள்களில், உணவிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டு இழைகளுக்குள் புதிய புரதத்தைச் சேர்த்து அவற்றைத் தடிப்பாக்குகிறது. இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் கூடுவதில்லை; இருப்பவையே பருக்கின்றன.

பயிற்சிக் கூடத்தில் தசை வளர்வதில்லை என்பது இதனால் பெறப்படும். அங்கே ஆணை மட்டும் பிறக்கிறது. கட்டுமான வேலை சமையலறையிலும் படுக்கையிலும் நடைபெறுகிறது. செங்கல் வராவிட்டால் கொத்தனார் என்ன செய்வார்? செங்கல் மலைபோல் குவிந்திருந்தும் வேலைக்கு ஆணை பிறவாவிட்டால் அது வெறும் குவியல்தான். பயிற்சியின்றி மிகுதியாக உண்பவரின் உடலில் சேர்வது பெரும்பாலும் கொழுப்பே. மெலிந்த கையும் சிறு தொந்தியுமாக நிற்கும் இளைஞர்கள் இவ்வாறு உருவாகின்றனர்.

முதல் ஆறு வாரங்களில் கண்ணாடி எதையும் காட்டாது. ஆயினும் பத்துத் தண்டால் எடுக்கத் திணறியவர் இருபது எடுப்பார். நரம்புகள் தசையை ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்வதால் வரும் வலிமை அது. பலர் இக்கட்டத்தில், ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று நிறுத்திவிடுகின்றனர். நடக்கத் தொடங்கிய வேளையில் நிறுத்துகின்றனர் என்பதே உண்மை.

தட்டில் இருக்க வேண்டியவை

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு, பல வீடுகளின் வழக்கத்தை மாற்றத்தக்கது. அலுவலகத்தில் அமர்ந்து பணிசெய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2110 கிலோ கலோரி ஆற்றல் தேவை. 16 முதல் 18 வயதுள்ள, நிறுவனம் கருதும் இயல்பான எடையுள்ள பையனுக்கோ 3320. அதே வயதுப் பெண்ணுக்கு 2500. அஃதாவது மகனுக்குத் தந்தையைவிட ஒன்றரை மடங்கு உணவு வேண்டும். வீட்டில் இருவருக்கும் ஒரே அளவில் பரிமாறினால், ஒருவர் பருக்கவும் மற்றவர் மெலியவும் வாய்ப்புண்டு. “அண்ணனுக்கு இன்னொரு தோசை போடம்மா” என்று சொல்லும் பாட்டி, ஊட்டச்சத்து நூல் எதையும் படித்தவர் அல்லர். எனினும் கணக்கில் தவறவில்லை. தங்கைக்கும் அப்படிச் சொல்ல அவர் மறப்பதுதான் குறை.

எடை கூட விரும்புபவர் தம் வழக்கமான உணவோடு நாள்தோறும் 300 முதல் 500 கிலோ கலோரி கூட்டினால் போதும். ஒரு குவளைப் பால் (200 மில்லி), ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை (30 கிராம்), ஒரு வாழைப்பழம் — இம்மூன்றும் சேர்ந்தாலே ஏறத்தாழ 390 கிலோ கலோரி. பசி குறைந்தவர் மூன்று வேளைப் பெரிய உணவை ஐந்து வேளையாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மெல்வதைவிடக் குடிப்பது எளிது என்பதால் சத்துமாவுக் கஞ்சியில் பாலும் வெல்லமும் சேர்த்துப் பருகலாம். சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் கூடினால் வயிறு அதை உணர்வதே இல்லை. ஆற்றல் கணக்கு அதை உணரும். உண்பதற்குச் சற்றுமுன் வயிறு நிறைய நீர் பருகும் பழக்கம் இவர்களுக்கு ஆகாது.

இனிப் புரதம். உழைப்பில்லாத வாழ்வுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் போதும். வலுப்பயிற்சி செய்பவருக்கு 1.6 கிராம் வரை பயன்படுகிறது. அதற்கு மேல் உண்பதால் தசை மேலும் கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. 16 வயதில் 168 சென்டிமீட்டர் உயரமும் 50 கிலோ எடையும் உள்ள ஒரு மாணவனை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு 80 கிராம் வேண்டும். காலையில் நான்கு இட்லி 8 கிராமும், ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார் 4 கிராமும், ஒரு குவளைப் பால் 6 கிராமும் தரும். பள்ளிக்கு எடுத்துச்செல்லும் நான்கு சப்பாத்தியில் 12. உடன் வைத்த ராஜ்மாவில் 9. மாலையில் 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலில் 10; கைப்பிடி நிலக்கடலையில் 7. இரவு 100 கிராம் அரிசியின் சோற்றில் 7, பருப்புக் கூட்டில் 7, ஒரு கிண்ணம் தயிரில் 5, ஒரு முட்டையில் 6. மொத்தம் 81. முட்டை உண்ணாதவர் 35 கிராம் பனீரைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். மீனோ கோழியோ உண்பவருக்கு இது இன்னும் எளிது. இப்பட்டியலில் கடையில் வாங்கிய விலையுயர்ந்த பொருள் ஒன்றுமில்லை. தெற்கின் சுண்டலும் வடக்கின் ராஜ்மாவும் ஒரே நாளில் இடம்பெறுவதுதான் புலம்பெயர்ந்த குடும்பத்தின் தனிச்சிறப்பு. மெக்காரிசனின் எலிகளுக்கு இப்படியொரு வாய்ப்புக் கிட்டவில்லை.

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் போதிய அளவு உண்டு. இட்லி, பொங்கல், அடை, பருப்புச் சாதம் ஆகியவை ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பும் உணவுகள். இவற்றுள் அடைக்கு முதலிடம் தரலாம். இட்லியில் அரிசியே ஆளுகிறது. அடையிலோ துவரையும் கடலையும் உளுந்தும் சேர்ந்து அரிசிக்கு நிகராக நிற்கின்றன.

திரைப்பட நாயகர்கள் பச்சை முட்டையை உடைத்துக் குடிப்பதைப் பார்த்து அவ்வாறே செய்பவர் உண்டு. வெந்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கை உடல் ஏற்கிறது. பச்சை முட்டையில் பாதியளவே ஏற்கிறது என்று அளந்து கண்டிருக்கின்றனர். நோய்க்கிருமி தொற்றும் இடரும் உண்டு. குமட்டலைப் பொறுத்துக்கொண்டு பாதிப் புரதத்தை இழப்பதற்கு வீரம் என்று பெயரில்லை.

சுமையைக் கூட்டும் கலை

கிரேக்க நாட்டில் மைலோ என்னும் மற்போர் வீரனைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஒரு கன்று பிறந்த நாள்முதல் அவன் அதை நாள்தோறும் தோளில் தூக்கி நடந்தானாம். கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்தது. இறுதியில் முழு வளர்ச்சியடைந்த காளையையே சுமந்தான் என்பர். காளையை நம்பாவிட்டாலும் கருத்தை நம்பலாம். சுமை படிப்படியாகக் கூடாவிட்டால் தசைக்கு வளர வேண்டிய தேவையே எழாது. ஆண்டு முழுவதும் அதே இருபது தண்டாலை எடுப்பவர் அதே உடலோடுதான் இருப்பார்.

சிறுவர் எடை தூக்கினால் உயரம் குன்றிவிடும் என்று பெற்றோர் பலர் அஞ்சுகின்றனர். முறையான பயிற்சியால் உயரம் தடைப்படுவதற்குச் சான்றில்லை. எலும்பின் முனையில் உள்ள வளர்ச்சித்தட்டு, தாங்க முடியாத சுமையாலும் தவறான முறையாலும் காயமுறலாம். எனவே அறிந்தவர் ஒருவரின் மேற்பார்வை வேண்டும். 5 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் எனவும், அதில் வாரத்திற்கு 3 நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி இருக்க வேண்டும் எனவும் உலகச் சுகாதார நிறுவனமே கூறுகிறது.

தொடக்கத்தில் கருவிகள் தேவையில்லை. வாரணாசியிலும் கோலாப்பூரிலும் உள்ள மற்போர்க் கூடங்களில் ‘தண்ட்’, ‘பைட்டக்’ என வழங்குபவற்றையே தமிழகத்துச் சிலம்பக் கூடங்களில் ‘தண்டால்’, ‘பஸ்கி’ என்பர். வங்காளத்தின் மனோகர் ஐச், ஐந்தடி உயரமும் இல்லாதவர். ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் சிறையில் அடைக்கப்பட்டபோது கருவி ஏதுமின்றியே உடலைப் பயிற்றினார். 1952ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டியில் தம் பிரிவில் வென்றார். 2016ஆம் ஆண்டு தம் 104ஆம் வயதில் மறைந்தார்.

ஒல்லியானவர் செய்யும் பெரும்பிழை, முழங்கைத் தசையை மட்டும் நாள்தோறும் முறுக்கிக்கொண்டிருப்பது. உடலின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் மார்பிலும் உள்ளன. அவற்றை ஒருங்கே உழைக்கவைக்கும் நான்கு அசைவுகள் போதும். உட்கார்ந்து எழும் பஸ்கி. தரையைத் தள்ளும் தண்டால். கம்பியைப் பற்றித் தொங்கி உடலை மேலே இழுத்தல். குனிந்து நின்று சுமையை வயிற்றை நோக்கி இழுத்தல். கடைசியதற்குப் புத்தகப் பையே தகும். நாள்தோறும் முதுகை வருத்தும் அந்தப் பை, ஒருநாளேனும் முதுகை வளர்க்கட்டும். பைக்குள் ஒரு லிட்டர் நீர்க்குப்பியை வைத்தால் ஒரு கிலோ கூடும். சுமையை அளந்து ஏற்றுவதற்கு இதைவிட எளிய வழியில்லை.

ஒவ்வோர் அசைவையும் 8 முதல் 12 முறை செய்வது ஒரு சுற்று. சுற்றுக்குச் சுற்று ஒன்றிரண்டு நிமிட ஓய்வுடன் மூன்று சுற்றுகள் செய்யலாம். கடைசி இரண்டு முறைகள் கடினமாக இருக்க வேண்டும். ஆனால் முதுகு வளையவோ முழங்கால் உள்வாங்கவோ கூடாது. மூன்று சுற்றிலும் 12 முறை எளிதாக முடிந்தால் அடுத்த வாரம் சுமையைக் கூட்டலாம். தண்டாலுக்குச் சுமை கூட்டுவது எங்ஙனம்? முதலில் சுவரில் கையூன்றியும், பின் மேசை விளிம்பிலும், பின் தரையிலும், அதன்பின் கால்களை ஒரு படிக்கட்டின்மேல் வைத்தும் செய்தால் ஒவ்வொரு நிலையும் முந்தையதினும் கடினமாகும். மாணவியருக்கும் இம்முறையே. பெண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் மிகக் குறைவாதலால் தசை பெரிதும் பருப்பதில்லை. வலிமையும் எலும்பின் உறுதியும் கூடும்.

திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 40 நிமிடம் போதும். இடைநாள்களில் தசை தன்னைக் கட்டிக்கொள்கிறது. மாலைதோறும் இரண்டு மணிநேரம் கிரிக்கெட்டோ கால்பந்தோ ஆடுபவர் ஆட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆட்டம் தின்ற ஆற்றலுக்கு ஈடாக இன்னும் இரண்டு சப்பாத்தி உண்ணக் கடமைப்பட்டவர் ஆகிறார். 13 முதல் 18 வயதுவரை உள்ளோருக்கு 8 முதல் 10 மணிநேர உறக்கம் வேண்டும். வளர்ச்சி இயக்குநீர் ஆழ்ந்த உறக்கத்தில்தான் மிகுதியாகச் சுரக்கிறது. நள்ளிரவுவரை கைப்பேசியில் தசை வளர்க்கும் காணொளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர், பார்த்ததற்கு நேர்மாறானதைச் செய்துகொண்டிருக்கிறார்.

பொடியும் ஊசியும்

பயிற்சிக் கூடத்தின் வாயிலில் அடுக்கிய பெரிய பெரிய புட்டிகள், விரைந்து உடல் தேற விரும்பும் இளைஞரைக் கவர்கின்றன. புரதப் பொடி என்பது பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்த புரதம். ஒரு கரண்டிப் பொடியில் உள்ள புரதத்தை நான்கு முட்டையிலோ, நூறு கிராம் நிலக்கடலையிலோ பெறலாம். தசை வளர்ப்பதற்காகப் புரதப் பொடிகளை உண்பதைத் தவிர்க்குமாறு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் அறிவுறுத்துகிறது.

பொடியைவிடக் கொடியது ஊசி. ‘மூன்று மாதத்தில் உடம்பு’ என்று உறுதியளித்து, செயற்கை ஆண்மை இயக்குநீர்களாகிய ஸ்டிராய்டுகளை மாத்திரையாகவும் ஊசியாகவும் விற்பவர் உள்ளனர். அவை தசையைப் பெருக்கும் என்பது பொய்யன்று; அதனால்தான் அவை ஆபத்தானவை. வெளியிலிருந்து இயக்குநீர் வருவதைக் கண்ட உடல், தானே சுரப்பதை நிறுத்திக்கொள்கிறது. கல்லீரலும் இதயமும் கேடுறும். வளரும் பருவத்தினருக்கு மற்றொரு தீங்கும் உண்டு: எலும்பின் வளர்ச்சித்தட்டுகள் காலத்திற்கு முன்பே மூடிக்கொள்ளும், அதன்பின் உயரம் கூடாது. எடை தூக்கினால் உயரம் குன்றும் என்று அஞ்சும் பெற்றோர் உண்மையில் அஞ்ச வேண்டியது இதற்கே. பயிற்றுநர் ஒருவர் பெயர் ஒட்டாத மாத்திரையை நீட்டினால், அதை வாங்காமல் வீட்டில் சொல்லிவிட வேண்டும்.

அளந்து பார்த்தல்

நாள்தோறும் எடை பார்ப்பது மனத்தைக் குழப்பும். பருகிய நீரால் மட்டுமே ஒரே நாளில் ஒரு கிலோ ஏறியிறங்கும். வாரம் ஒருமுறை, காலையில் எழுந்தவுடன், ஏதும் உண்பதற்கு முன் பார்ப்பது சரியான முறை. வாரத்திற்கு கால் கிலோ என்பது நல்ல வேகம். மூன்று வாரம் முள் அசையாவிட்டால் உணவில் இன்னும் 200 கிலோ கலோரி கூட்டலாம். இடுப்பு மட்டும் விரிந்து தண்டாலின் எண்ணிக்கை கூடாவிட்டால், உணவு மிகுந்து பயிற்சி குறைந்துள்ளது என்பது பொருள். தேதி, எடை, இடுப்பளவு, செய்த சுற்றுகள், உறங்கிய நேரம் ஆகிய ஐந்தையும் ஒரு கோடிட்ட ஏட்டில் தமிழிலேயே எழுதிவரலாம். ஆறு மாதத்தில் ஐந்தாறு கிலோ ஏறியிருக்கும். ஏடும் பாதி நிரம்பியிருக்கும்.

பயிற்சி

1. மெக்காரிசனின் ஆய்வில் சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகள் எடை குறைந்திருந்தன. இதற்கு அரிசியே காரணம் எனக் கூறுவது ஏன் பொருந்தாது?

2. ஒரே அளவு மிகுதியாக உண்ட 16 பேரிடம் கொழுப்பு வெவ்வேறு அளவில் சேர்ந்தது எதனால்?

3. உங்கள் வீட்டில் நேற்று சமைத்த உணவுகளை எழுதி, அரிசியும் பருப்பும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் உணவு அவற்றுள் எது எனக் காட்டுக.

4. 45 கிலோ எடையுள்ள, வலுப்பயிற்சி செய்யும் மாணவிக்கு நாளொன்றுக்கு எவ்வளவு புரதம் பயன்படும்? பாடத்தில் உள்ள அளவுகளைக் கொண்டு அவளுக்கு ஒருநாள் உணவுப் பட்டியல் தயாரிக்க.

5. தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை ஆகியவற்றுக்கு நீங்கள் வாழும் ஊரின் மொழியில் வழங்கும் பெயர்களைக் கேட்டறிந்து எழுதுக.

6. ‘உடம்பில் ஒட்டவில்லை’, ‘உடல் தேறியது’ ஆகிய தொடர்களைச் சொந்த வாக்கியத்தில் அமைக்க.